சுழலும் பெட்டியோடு ராக் ஆர்கன்: முழுமையான வழிகாட்டி

ஆர்கனில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, பிடித்துக்கொண்டு லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் பெட்டியின் வேகச் சுவிட்சைத் தட்டினால் ஒலி உடனே மாறிவிடுவதில்லை. பெட்டியின் மேல்தட்டில் இருக்கும் ஹார்ன், அதாவது கொம்பு வடிவ ஒலிவாய், வேகம் பிடிக்கத் தொடங்குகிறது; ஏறக்குறைய ஒரு விநாடியில் முழு ஓட்டத்துக்கு வந்துவிடுகிறது. கீழ்த்தட்டில் இருக்கும் கனத்த உருளைக்கு அத்தனை சுறுசுறுப்பு கிடையாது. அது சோம்பல் முறித்து எழுந்து ஓடுவதற்குள் மேலும் சில விநாடிகள் கடந்துவிடும். அதுவரை மேல்சுரங்கள் படபடக்க, கீழ்ச்சுரங்கள் ஊஞ்சலிலேயே கிடக்கின்றன. ராக் பாட்டில் ஆர்கன் கேட்டு நமக்குப் புல்லரிக்கும் இடங்களில் பாதி, இந்தச் சில விநாடிகளுக்குள் அடங்கியவை.

பியானோவோ கீபோர்டோ ஓரளவு வாசிக்கத் தெரிந்து, ஆர்கன் பக்கம் வர நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். சுரங்கள் உங்களுக்குத் தெரியும். புதிதாகப் பழக வேண்டியது இடது கையும் வலது காலும்.

பெட்டிக்குள் நடப்பது

ஹேமண்ட் ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தது. குழல் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் உரிய மாற்றாகத்தான் லாரன்ஸ் ஹேமண்ட் அதை உருவாக்கினார். ராக் வாசிப்பவர்கள் தேடி அலையும் பி-3 மாடல் 1950களின் நடுவில் தொடங்கி 1974 வரை தயாரானது. அதற்குள் 91 டோன்வீல்கள், அதாவது விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய உலோகச் சக்கரங்கள், காந்தச் சுருள்களுக்கு எதிரே ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுருதி.

டான் லெஸ்லி என்ற அமெரிக்கர் 1930களின் இறுதியில் ஹேமண்ட் ஆர்கன் ஒன்றை வாங்கினார். கடையின் பெரிய கூடத்தில் கம்பீரமாக ஒலித்த கருவி, வீட்டுக்கு வந்ததும் உயிரற்று ஒலித்தது. பெரிய மண்டபத்தில் குழல்கள் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஒலிப்பதுபோன்ற அசைவு வேண்டுமென்று அவர் ஒலியையே சுழற்றிப் பார்த்தார். தாம் செய்ததை ஹேமண்ட் நிறுவனத்திடம் கொண்டுபோனபோது அவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் தாமே தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்று லெஸ்லி இல்லாத ஹேமண்டை ராக் மேடையில் கற்பனை செய்வது கடினம்; வேண்டாம் என்றவர்களின் கருவியைப் பிரபலமாக்கியதில் அந்தப் பெட்டிக்கும் பெரிய பங்கு உண்டு.

லெஸ்லிகளில் ராக் இசையில் அதிகம் புழங்கியவை 122, 147 ஆகிய இரண்டு மாடல்கள். இரண்டிலும் 40 வாட் வால்வு ஆம்ப்ளிபயர். ஒலி ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸ் எல்லையில் இரண்டாகப் பிரிகிறது. அதற்கு மேலுள்ளது மேல்தட்டு ஹார்னுக்கும், கீழுள்ளது 15 அங்குல ஸ்பீக்கருக்கும் போகிறது. ஸ்பீக்கர் கீழ்நோக்கிப் பார்த்திருக்கும். அதன் அடியில், ஒரு பக்கம் வாய் திறந்த உருளை சுழன்று ஒலியை வாரி வெளியே வீசும். மேலே இரண்டு ஹார்ன்கள் தெரிந்தாலும் ஒன்றில்தான் ஒலி வரும். மற்றது எடையைச் சமன் செய்ய வைத்த பொம்மை. ஹார்னும் உருளையும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்கின்றன.

ஹார்னின் வாய் உங்களை நோக்கி வரும்போது சுருதி ஒரு நூலளவு ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது. கடந்துபோகும் ரயிலின் ஊதல் ஒலியில் கேட்பதும் இதே டாப்ளர் விளைவுதான். கூடவே ஒலியின் அளவும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வேகமான ஓட்டத்தில் ஹார்ன் நிமிடத்துக்குச் சுமார் 400 முறை, அதாவது விநாடிக்கு ஆறேழு முறை சுழலும். மெதுவான ஓட்டத்தில் நிமிடத்துக்கு 40 முதல் 50 முறைதான். ஹார்னும் உருளையும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பதால், பிடித்து வைத்த ஒரே கார்டுகூட அடுத்த நொடி வேறு மாதிரி கேட்கும். மெதுவான ஓட்டத்தைப் பலர் ‘நிறுத்தி வைத்த நிலை’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் காதுக்கு அதுதான் அழகு.

முதல் படி: கருவி

அசல் பி-3, பெடலும் இருக்கையும் சேர்ந்து ஏறக்குறைய 190 கிலோ. தூக்கிச் செல்ல நான்கு பேரும், அவர்களுடைய முதுகுகளின் சம்மதமும் தேவை. இன்று பெரும்பாலானோர் டிராபார், அதாவது ஒலியின் கலவையை மாற்ற இழுக்கும் தண்டு, உள்ள டிஜிட்டல் ஆர்கன்களை வாசிக்கிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். நிஜமாகக் கையில் இழுக்கும் டிராபார்கள் ஒன்பது இருக்க வேண்டும். கட்டைகளின் முன்விளிம்பு, உதடுபோல் நீட்டிக்கொண்டிருக்காமல் வழவழப்பாக வளைந்து இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளங்கையை இழுத்து வாசிக்கும்போது தோல் கிழியும். ஒலியளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் இணைக்கத் துளை இருக்க வேண்டும். லெஸ்லிக்குப் பதிலாக, அதன் சுழலும் ஒலியை மின்னணு முறையில் போலச்செய்யும் நல்ல ரோட்டரி பெடல் ஒன்று போதும். ஆனால் அதை வாங்குமுன் ஹார்னும் உருளையும் தனித்தனியே வேகம் எடுக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் துள்ளிக் குதித்தால் அந்தப் பெடலை வைத்துவிட்டு நகருங்கள்.

அசல் கருவி கிடைத்தவருக்கு மூன்று எச்சரிக்கைகள். பி-3ஐ இயக்க இரண்டு சுவிட்சுகள் உண்டு: ‘ஸ்டார்ட்’ சுவிட்சை எட்டு விநாடிகள் பிடித்து, அதை விடாமலேயே ‘ரன்’ சுவிட்சைப் போட்டு, இன்னும் நான்கு விநாடிகள் கழித்து ‘ஸ்டார்ட்’டை விட வேண்டும். அடுத்தது, 122க்கும் 147க்கும் ஒரே ஆறு முள் பிளக்தான். உள்ளே கம்பி இணைப்பு வேறு. ஒன்றுக்கு அமைத்த ஆர்கனில் மற்றதைச் செருகினால் கருவி பாழாகலாம். அந்தக் கேபிளில் உயர் மின்னழுத்தமும் ஓடுவதால், மின்சாரத்தை நிறுத்தாமல் அதைத் தொடவே கூடாது. மூன்றாவது, பி-3இன் சுருதி மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த கருவியை 50 ஹெர்ட்ஸில் இயக்கினால் மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் இறங்கி ஒலிக்கும். ஜெனரேட்டர் தடுமாறினால் ஆர்கனும் தடுமாறும். மேடையில் சுருதி சேர்க்கும் திருகு ஆர்கனில் இல்லை. கிதார்காரர்தான் உங்களுக்கு இணங்கிவர வேண்டும். அவர்கள் இறங்கிவரும் அபூர்வமான தருணம் அது.

இரண்டாம் படி: டிராபார்

ஒன்பது டிராபார்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 8 வரை அளவு. இடமிருந்து வலமாக 16, 5⅓, 8, 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 அடி. குழல் ஆர்கனில் குழலின் நீளத்தைக் குறித்த எண்கள் இவை. 8 அடி என்பது நீங்கள் அழுத்தும் கட்டையின் சொந்தச் சுருதி. 16 அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. 4, 2, 1 ஆகியவை ஒவ்வொரு ஸ்தாயியாக மேலே. இந்த ஐந்தில் 16 பழுப்பு நிறம், மற்றவை வெள்ளை. 5⅓இன் பிடியும் பழுப்புதான். கறுப்புப் பிடி உள்ளவை ஐந்தாம், மூன்றாம் சுரங்களைக் கலந்து ஒலியைக் கூர்மையாக்குகின்றன.

அமைப்புகளை எண்களாக எழுதுவது வழக்கம். முதலில் 88 8000 000: இடப்பக்கத்து மூன்றும் முழுதாக வெளியே, மற்றவை உள்ளே. ஜாஸிலிருந்து வந்த இந்த அமைப்பு தனி வாசிப்புக்கும் துள்ளலான சிறு வாக்கியங்களுக்கும் பொருந்தும். அதனோடு நான்காவதையும் இழுத்தால் 88 8800 000. கிதாரோடு மோதி நிற்க வேண்டிய ராக் தாளத்துக்கு இதுதான் என் முதல் தேர்வு. 88 8000 008 அடியில் கனமும் நுனியில் மினுக்கமும் தரும். நடுப்பகுதி காலியாக இருப்பதால் பாடகரின் குரல் நசுங்காது. மென்மையான சரணத்துக்கு 00 8400 000 போதும். எல்லாவற்றையும் இழுத்த 88 8888 888ஐப் பாட்டுக்கு ஒருமுறை, உச்சத்தில் மட்டும் திறந்துவிடுங்கள். இரண்டாம் சரணத்திலேயே அதைச் செலவழித்துவிட்டால் பிறகு போக இடம் இருக்காது.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, வலது கை கார்டைப் பிடித்திருக்கும்போது இடது கை டிராபாரை இழுக்கப் பழகுவது பயன் தரும். 00 8000 000இல் தொடங்கி நான்கு ஆவர்த்தனங்களுக்குள் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவாருங்கள். பியானோக்காரர் அழுத்தத்தால் செய்யும் ஏற்றத்தை ஆர்கனில் இப்படித்தான் செய்ய முடியும்.

மூன்றாம் படி: பெர்கஷனும் கோரஸும்

பெர்கஷன், சுரத்தின் தொடக்கத்தில் ‘டிங்’ என்று ஒரு தட்டு கொடுத்துவிட்டு மறையும். இரண்டாம் ஹார்மானிக், மூன்றாம் ஹார்மானிக் என இரண்டு தேர்வுகள். ராக் வாசிப்பில் மூன்றாவது அதிகம் புழங்குகிறது. அசல் கருவியில் பெர்கஷன், இரண்டு கட்டை வரிசைகளில் மேல்வரிசையில் மட்டும்தான் வரும், அதைப் போட்டதும் 1 அடி டிராபார் ஊமையாகிவிடும். எல்லாக் கட்டைகளையும் விட்ட பிறகு அழுத்தும் முதல் கட்டைக்குத்தான் தட்டு விழும். சுரங்களை ஒட்டி ஒட்டி வாசித்தால் இரண்டாவதிலிருந்து தட்டு இருக்காது. பழுது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் சுரத்துக்கு அழுத்தம் வேண்டும் என்பதை விரலை எடுப்பதன் மூலம் நீங்களே முடிவு செய்யலாம்.

வைப்ரேட்டோ (சுருதி நடுக்கம்) குமிழில் ஆறு நிலைகள் உண்டு; அவற்றில் மூன்று, நடுங்கும் ஒலியோடு நடுங்காத ஒலியையும் கலக்கும் கோரஸ். சி-3 என்ற கோரஸ் நிலையை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். லெஸ்லி வேகமாகச் சுழலும்போது மட்டும் அதை அணைத்துப் பாருங்கள். சில பாடல்களில் அப்போது ஒலி தெளிவடையும்.

நான்காம் படி: கைகள்

எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஆர்கன் ஒரே அளவில்தான் ஒலிக்கும். பியானோவிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் இதுவே எரிச்சல். இங்கே உணர்ச்சி, விரலை எப்போது எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. நீங்கள் விடாதவரை சுரம் சாகாது. அதனால் வாக்கியத்தின் முடிவில் விரலை எடுக்கும் கணத்தையும் எண்ணி எடுங்கள். ஒலியை நீட்டிவைக்கும் பெடல் இல்லாததால், ஒரு கட்டையைப் பிடித்தபடியே விரலை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் வேண்டும்.

அசல் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்பது மின்தொடர்புகள் உண்டு. அவை ஒரே கணத்தில் மூடாததால் ‘க்ளிக்’ என்றொரு சத்தம் வரும். ஹேமண்ட் பொறியாளர்கள் இதைக் குறையாகக் கருதி ஒழிக்கப் பார்த்தார்கள். வாசிப்பவர்களோ அதைக் காதலித்துவிட்டார்கள். டிஜிட்டல் கருவிகளில் இன்று அந்தக் குறையைக் கூட்டவும் குறைக்கவும் தனிக் குமிழே வைத்திருக்கிறார்கள்.

ராக் வாசிப்பின் சொந்தச் சைகைகள் சில. பாட்டு பல்லவிக்குள் நுழையுமுன் உள்ளங்கையால் வெள்ளைக் கட்டைகளை மேலிருந்து கீழாக வழித்துக்கொண்டு வருவது ஒன்று. சரியாக முதல் அடியில் கார்டில் வந்து விழ வேண்டும். உச்சத்தில் ஒரு சுரத்தை வலது சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு, கீழே மற்ற விரல்களால் சிறு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது இன்னொன்று. கருவி சுரத்தை மங்கவிடாது என்பதால் இது ஆர்கனுக்கே உரிய வசதி. ராக் ஆர்கன் கலைஞர் கீத் எமர்சன் சுரத்தைப் பிடித்துவைக்கக் கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகினார். சுண்டுவிரல் போதும் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: வலது கால்

எக்ஸ்பிரஷன் பெடலை ஒலியளவுக் குமிழாக நினைத்து ஒரே இடத்தில் விட்டுவிடுவதுதான் தொடக்கக்காரர்களின் பொதுவான தவறு. அது உங்கள் மூச்சு. பாதியில் வைத்து வாசியுங்கள். மேலே போக இடம் இருக்கட்டும். டிரம்மர் ஸ்னேரைத் தட்டும் இடங்களில் மெல்ல அழுத்திவிட்டு எடுத்தால், பிடித்து வைத்த கார்டே தாளம் போடும். ஆனால் எல்லா ஆவர்த்தனத்திலும் அப்படிச் செய்தால் கேட்பவருக்குக் கடல்நோய் வந்துவிடும்.

ஆறாம் படி: வேகச் சுவிட்ச்

மீதி எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். இதற்கு மட்டும் பல ஆண்டுகள் ஆகலாம்.

பெரும்பாலான ஆர்கன்களில் சுவிட்ச் கீழ்வரிசையின் இடது ஓரத்தில், அரைநிலா வடிவத் தகடு ஒன்றில் இருக்கும். இடது கையால் அங்கு பார்க்காமலே போய்வரப் பழகுங்கள். காலில் வைக்கும் சுவிட்சும் உண்டு. கை இரண்டுக்கும் வேலை இருக்கும் பாடல்களுக்கு அது நல்லது.

முதல் விதி: முன்கூட்டியே தட்டுங்கள். ஹார்ன் முழு வேகத்துக்கு வர ஒரு விநாடி ஆகும். பாட்டு நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் போனால், பல்லவியின் முதல் அடிக்கு ஓர் அடி முன்னதாகத் தட்ட வேண்டும். 120 அடி வேகம் என்றால் இரண்டு அடி முன்னதாக. முதல் அடியிலேயே தட்டுபவரின் ஆர்கன், பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளியைப்போல் எப்போதும் தாமதமாகவே பொங்கும்.

இரண்டாவது: மாற்றம் நடக்கும்போது கார்டைப் பிடித்திருங்கள். அந்த நேரத்தில் பதினாறு சுரங்களை ஓட்டினால் ஏற்றத்தை யாரும் கேட்கப்போவதில்லை. மூன்று சுரங்கள், நடு ஸ்தாயிக்குச் சற்று மேலே, கை அசையாமல். சுழற்சியே வாசிக்கட்டும்.

மூன்றாவது, இறங்கும்போது கீழ் உருளையை நினைவில் வையுங்கள். நீங்கள் மெதுவுக்கு மாற்றியதும் ஹார்ன் சீக்கிரம் தணியும். உருளை தன் கனத்தால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். இடது கையில் கீழ்ச்சுரங்களைப் பிடித்திருந்தால் அமைதியான சரணத்துக்கு அடியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். தட்டும்போதே இடது கையைத் தூக்கிவிடுங்கள். இரண்டு ஆவர்த்தனம் கழித்துத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சரணத்தில் மெது, பல்லவியில் வேகம் என்பது பாடப்புத்தகப் பாதை, தவறில்லை. ஆனால் முழு வேகத்தை எட்டுமுன்பே திரும்ப மெதுவுக்குத் தட்டிப் பாருங்கள். ஹார்ன் எழுந்து, தயங்கி, விழும். கார்டு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இருக்கும். எனக்குத் தெரிந்தவரை இந்தப் பெட்டியின் மிக அழகான ஒலி அதுதான். ஒரு பாட்டில் ஒருமுறை செய்தால் மனிதர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எட்டுமுறை செய்தால் சுவிட்ச் பழுது என்று நினைப்பார்கள்.

சில பெட்டிகளில் சுழற்சியை முற்றிலும் நிறுத்தும் வசதியும் உண்டு. அப்போது ஒலி வறண்டு முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கடினமான தாளப் பகுதிகளுக்கு அது ஏற்றது. அங்கிருந்து நேராக வேகத்துக்குப் போகும்போது கிடைக்கும் பாய்ச்சல் மெதுவிலிருந்து கிடைப்பதைவிடப் பெரியது.

பயிற்சிக்கு ஒரு வழி. மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரே கார்டு. மூன்றாவது ஆவர்த்தனத்தின் கடைசி அடியில் தட்டி, நான்காவதின் முதல் அடியில் முழு வேகம் வந்து சேர்கிறதா என்று கேளுங்கள். பிறகு 80, 100, 120. இதைப் பதிவு செய்து கேட்பது கட்டாயம். வாசிக்கும்போது நம் காது நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

ஏழாம் படி: உறுமல்

பெடலை முழுதும் அழுத்தும்போது வால்வு ஆம்ப்ளிபயர் திணறத் தொடங்கும். அந்தத் திணறலே ராக் ஆர்கனின் உறுமல். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் இன்னும் ஒருபடி மேலே போய், ஆர்கனைக் கிதார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிபயருக்குள் செலுத்தி, பக்கத்தில் நின்ற கிதாருக்கு நிகராக உறும வைத்தார்.

டிஜிட்டல் அமைப்பில் வரிசை முக்கியம்: ஆர்கன், டிஸ்டார்ஷன் (அந்த உறுமலைத் தரும் கருவி), அதன் பிறகே சுழற்சி. மாற்றி வைத்தால் டிஸ்டார்ஷன், சுழற்சி தரும் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும். உறுமும் ஒலியில் நெருக்கமான மூன்று சுரக் கார்டுகள் சேறாகும். ஆதாரச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் போதும்; வலப்பக்க டிராபார்களை உள்ளே தள்ளுங்கள்.

பேஸ் கிதார் வாசிக்க ஆள் இருக்கும் குழுவில் இடது கைக்குக் கீழ் ஸ்தாயியில் வேலையே இல்லை. அந்தக் கை சுவிட்சுக்கும் டிராபாருக்கும் சொந்தம்.

எட்டாம் படி: மைக்

அசல் லெஸ்லிக்கு மேலே இரண்டு, கீழே ஒன்று என மூன்று மைக்குகள் வழக்கம். மேலிரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, இடது வலது என முழுதாகப் பிரித்து ஒருமுறை பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் கேட்டபோது தலை சுற்றியது. இப்போது ஏறக்குறைய 90 டிகிரி இடைவெளியில் வைத்து, பாதியளவே பிரிக்கிறேன். மைக் ஓர் அடியாவது தள்ளியிருக்கட்டும். நெருங்கினால் ஹார்ன் கிளப்பும் காற்று ‘ஹுஃப் ஹுஃப்’ என்று பதிவாகும். கீழ் மைக்கை நடுவில் வையுங்கள். மேடையில் ஒலி ஒரே வழியில்தான் போகிறது என்றால் மேலே ஒரு மைக் போதும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்புறத்திலிருந்து வரும் ஒலிக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

கடைசி கார்ட்

பாட்டை முடிக்க இரண்டு வழிகள். கடைசி கார்டை வேகத்தில் பிடித்து, டிரம்மர் சிம்பல்களைப் பொழியும்போது எல்லா டிராபார்களையும் இழுத்து, பிறகு மெதுவுக்குத் தட்டிவிட்டுக் காலைச் சிறிது சிறிதாக எடுப்பது ஒன்று.

அசல் பி-3 உள்ளவருக்கு இன்னொன்று உண்டு. கார்டைப் பிடித்தபடியே ‘ரன்’ சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் போன பின்னும் வால்வுகளில் சூடு சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆனால் 91 சக்கரங்களும் வேகம் இழக்கத் தொடங்கிவிடும். பிடித்திருக்கும் கார்ட் அப்படியே வழுக்கி, சுருதி சரிந்து, முனகிக்கொண்டே ஒடுங்கும். அடுத்த பாட்டை உடனே தொடங்க வேண்டியிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். திரும்ப உயிர்ப்பிக்க மறுபடியும் அந்தப் பன்னிரண்டு விநாடிகள் வேண்டும். அதுவரை பாடகர் ஏதாவது பேசிச் சமாளிக்க வேண்டியிருக்கும்.